ஒப்படைக்கப்படாத கடவுச்சொல்

மதுரை மாநகரின் கிழக்கே, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலிருந்து நடந்து செல்லத்தக்க தொலைவில், வட்டார மின்சான்று மையம் அமைந்திருந்தது. அது ஒரு மாடிக் கட்டடம். மேலே கணினிகளும் கீழே மக்களும் இருந்தனர். காலத்தாழ்வின்றிச் சான்றிதழ் வழங்குவதே மையத்தின் நோக்கம் என்பது வாயிலில் கருங்கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. அக்கல்லை வெட்டி முடிக்க ஓராண்டு ஆயிற்று என்பர்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் மையத்தின் கணினிகள் நான்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்திற்கு மாற்றப்பட்டன. லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. யாவரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளத் தக்கது. இவ்விரு பண்புகளும் அரசு அலுவலகத்திற்குப் புதியவை ஆதலால் ஊழியர் அதனைச் சற்று எட்ட நின்றே அணுகினர். அலுவலக உதவியாளர் கருத்தக்கண்ணன் மட்டும் அதன் சின்னமாகத் திரையில் தோன்றிய பென்குவின் பறவைக்கு வெள்ளிதோறும் குங்குமம் இட்டு வந்தார்.

இணையத்தோடு கணினியை இணைக்கும் செயல் மையத்தில் ஒரு சடங்காகவே நடைபெற்றது. காலை பத்து மணிக்கு அலுவலர் பால்பாண்டி முதல் கணினியின் முன் அமர்வார். ஊழியர் அனைவரும் சுவரை நோக்கித் திரும்பிக்கொள்வர். அவர் கடவுச்சொல்லைத் தட்டுவார். திரையின் மூலையில் சிறு அடையாளம் ஒன்று ஒளிரும். 'இணைப்பு உண்டு' என்று கருத்தக்கண்ணன் பதிவேட்டில் எழுதுவார். பிறகு அனைவரும் தேநீர் அருந்துவர்.

ஜூன் பத்தொன்பதாம் நாள் பால்பாண்டி அலங்காநல்லூர் மையத்திற்கு மாற்றப்பட்டார். அங்கிருந்த அலுவலர் கிரிதரன் அவர் இடத்திற்கு வந்தார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அறுபத்திரண்டு பொருள்கள் இருந்தன. நாற்காலி பதினான்கு, அவற்றுள் உட்காரத் தக்கவை ஒன்பது. மின்விசிறி ஐந்து, சுழல்பவை மூன்று. மண்பானை ஒன்று, மூடியுடன். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தே கிரிதரன் கையெழுத்திட்டார். கடவுச்சொல் என்றொரு பொருள் அப்பட்டியலில் இல்லை. ஆகவே அது ஒப்படைக்கப்படவும் இல்லை, பெறப்படவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் செல்லக்கிளி வந்தார். அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு சிற்றூரில் நாற்று நட்டும் களை எடுத்தும் வாழ்பவர். வண்டியூர் அவருடைய தாய்வீடு. அதனால் அவருக்குரிய சாதிச் சான்றிதழ் இம்மையத்தின் வழியாகவே வரவேண்டியிருந்தது. முப்பத்திரண்டாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதி, கணக்கில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறியவர். அவருடைய ஊர் அங்கன்வாடியில் பணியாளர் இடம் ஒன்று காலியாயிருந்தது. முப்பத்தைந்து வயது நிறையாதவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் ஜூன் முப்பது, மாலை ஐந்து மணி. ஜூலை முதல் நாள் செல்லக்கிளிக்கு முப்பத்தைந்து நிறைகிறது.

"சான்று ரெடியாத்தேன் இருக்குதும்மா," என்றார் கருத்தக்கண்ணன். "மேல இருந்து ஓகே ஆயிருச்சு. பிரிண்ட்டு எடுத்து, சார் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுச்சு. கனெக்சன்தான் இல்ல."

"எப்பண்ணே வரும்?"

"அது பாஸ்வேர்டு கேக்குது. பழைய சாரு போயிட்டாரு."

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறலாம்லண்ணே?"

இருபத்தாறு ஆண்டுப் பணியில் கருத்தக்கண்ணன் கேட்டிராத ஆலோசனை அது.

மையத்தின் ஒப்பந்தத் தொழில்நுட்பர் ஹம்சவேணி. கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியவர் அவரே. அன்று பதினோரு மணிக்கு அவர் கிரிதரனின் அறைக்குச் சென்று சிக்கலை விளக்கினார். செல்லக்கிளி வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இந்த நெட் கனெக்சன பால்பாண்டி சார் தன்னோட பேர்ல சேமிச்சு வச்சிருக்காரு. அவரு பூட்டுக்குள்ள இருக்கு. கனெக்சன் செட்டிங்ல ஒரு கட்டம் இருக்கு, 'எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்கும்'னு. அதுல ஒரு டிக் போட்டு, டெலிபோன்காரங்க குடுத்த பேப்பர்ல இருக்கற பேரையும் நம்பரையும் ஒருதடவ அடிச்சிட்டா, அப்புறம் யார் வந்தாலும் போனாலும் தானா கனெக்ட் ஆயிரும். பேப்பர் பீரோல இருக்கு. ரெண்டு நிமிசம்."

கிரிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாப் பயனர்களுக்கும் என்றால் யார் யாருக்கு?"

"இந்தக் கணினிய யூஸ் பண்ற எல்லாருக்கும் சார்."

"அப்படியென்றால் கருத்தக்கண்ணனுக்கும்."

"ஆமா சார்."

"உங்களுக்கும்."

"ஆமா சார்."

"அரசின் இணைப்பு, அம்மா. எல்லாருக்கும் கிடைக்கும் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து அந்த 'எல்லாரும்' யார், பட்டியல் கொடு என்று கேட்டால் நான் எங்கே போவேன்? ஒரு பொருளை எல்லாருக்கும் கொடுப்பது சுலபம். யாருக்கும் கொடுக்காமல் பாதுகாப்பதற்குத்தான் அலுவலர் வேண்டும்."

ஹம்சவேணி தம் வீட்டு மொழியாகிய சௌராஷ்டிரத்தில் ஒரு சொல் சொன்னார். கிரிதரனுக்கும் அதுவே வீட்டு மொழி. ஆயினும் அலுவலக நேரம் ஆதலால் அவருக்கு அது விளங்கவில்லை.

"சரி சார், பால்பாண்டி சாருக்கு ஒரு போன் போட்டாவது..."

"பட்டியலில் இல்லாத பொருளை நான் பெற்றுக்கொண்டால் அது எங்கிருந்து வந்தது என்று யார் எழுதுவது? சென்னைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். சென்னை அவரைக் கேட்கும். அவர் சென்னைக்குச் சொல்வார். அது முத்திரையிட்ட உறையில் இந்த அலுவலகத்திற்கு வரும்."

"எம்புட்டு நாளாகும் சாமி?" என்று வாயிலிலிருந்து செல்லக்கிளி கேட்டார்.

"ஒழுங்காக நடந்தால் நாற்பது நாள்," என்றார் கிரிதரன். ஒழுங்காக நடக்காவிடில் எத்தனை நாள் என்பதைச் செல்லக்கிளி கேட்கவில்லை.

புதன்கிழமை செல்லக்கிளி தாமே அலங்காநல்லூர் மையத்திற்குச் சென்றார். அங்கும் கீழே மக்கள் அமர்ந்திருந்தனர். மேலே பால்பாண்டி ஒரு கணினியின் முன் கைகட்டி அமர்ந்திருந்தார். அதன் திரையும் ஒரு கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது.

செல்லக்கிளி விவரம் சொன்னதும் பால்பாண்டி நெடுமூச்செறிந்தார்.

"என்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? கேட்டா சொல்ல மாட்டனா? எங்க மாட்டுப் பேரும்மா அது. பொங்கலுக்கு வாடிவாசல்ல அவுத்தா ஒருத்தன் தொடமாட்டான். பின்னாடி ரெண்டு நம்பரு."

"எழுதிக் குடுங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எழுதித் தாரேன். கையெழுத்து மட்டும் கேக்காத."

செல்லக்கிளியின் பேருந்துச் சீட்டை வாங்கி, அதன் பின்புறத்தில் ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ எனக்கு ஒரு உதவி செய்யணும். இந்த ஆபீசுக்கு எனக்கு முன்னாடி இருந்தது அந்தக் கிரிதரன்தேன். இங்கன உள்ள பாஸ்வேர்டு அவர்ட்ட இருக்கு. போன் போட்டா எழுத்துல கேளுங்கங்குறாரு. எழுதுனா சென்னை வழியா வாங்கங்குறாரு. அங்கன பேச்சோட பேச்சா அவர்ட்ட வாங்கியாந்துரு தாயி. கீழ அம்புட்டுச் சனமும் என்னயத்தேன் வையுது."

இவ்வாறாக, இரு மையங்களின் அலுவலரும் தத்தமக்குத் தேவையானதை மற்றவரிடம் வைத்துக்கொண்டு, இருபது கிலோமீட்டர் இடைவெளியில், சென்னையை நோக்கி அமர்ந்திருந்தனர். நிருவாகவியலில் இது சமநிலை எனப்படும்.

வியாழனன்று காலை செல்லக்கிளி பேருந்துச் சீட்டைக் கிரிதரனின் மேசைமேல் வைத்தார். இனிச் சான்றிதழ் வந்துவிடும் என்று நம்பியே வைத்தார். அவர் முகத்தில் அன்று ஒரு தெளிவு இருந்ததாகக் கருத்தக்கண்ணன் பின்னர் விசாரணையில் கூறினார்.

கிரிதரன் சீட்டைத் தொடவில்லை.

"என்ன இது?"

"பழைய சாரு எழுதிக் குடுத்தாருங்க. பாஸ்வேர்டு. அவுக மாட்டுப் பேராம்."

"இதைப் படித்தாயா?"

"இங்கிலீசுல இருக்குங்க. ஆனா படிச்சேன். நான் பத்தாவது பாஸ்."

கிரிதரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கடவுச்சொல்லை ஒரு வெளியாள் அறிந்துவிட்டார். அதனை அலுவலகம் இன்னும் அறியவில்லை. அறியவேண்டியவர் அறியாமலும் அறியக்கூடாதவர் அறிந்தும் இருக்கின்ற நிலையைப் பாதுகாப்பு மீறல் என்று கையேடு குறிப்பிடுகிறது. அரை மணி நேரத்தில் முதல் கணினி, விசைப்பலகையோடு வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, மூன்று இடங்களில் அரக்கு முத்திரை இடப்பட்டது. பென்குவின் துணிக்குள் போயிற்று.

"சார், அது கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டு இல்லயே சார், உள்ள இருக்கற கனெக்சனோட..." என்று ஹம்சவேணி தொடங்கினார்.

"நீங்கள் வன்பொருளை மட்டும் பார்த்தால் போதும்."

"வன்பொருள மூட்ட கட்டி வச்சிருக்கீங்களே சார்."

வெள்ளிக்கிழமை 'இணைப்பு மேலாண்மை மேம்பாட்டுக் குழு' கூடியது. கிரிதரன் தலைவர், கருத்தக்கண்ணன் செயலாளர், கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர் வல்லுநர். ஹம்சவேணி அழைக்கப்படவில்லை. அவருக்குப் பொருள் தெரியும் ஆதலால் அவர் நடுநிலை வகிக்க இயலாது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

தலைவர் உரையாற்றினார்.

"நண்பர்களே, இணைப்பு இல்லை என்று வெளியே பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், இணைப்பு இருந்த காலத்தில் இந்தக் குழு இருந்ததா? இல்லை. இணைப்புச் சோதனை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் நடந்தது. இன்று அரை மணிக்கு ஒருமுறை நடக்கிறது. நாளை முதல் கால் மணிக்கு ஒருமுறை. ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு கையெழுத்து. இணைப்பு இல்லாத ஒரு அலுவலகம் அதை இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருப்பது தமிழ்நாட்டிலேயே இங்குதான். இணைப்பு மக்களுக்கானது. ஆகவே அது மக்கள் கைக்குப் போய்விடாமல் காப்பது நம் கடமை."

கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர் கைதட்டினார். பிறகு, வல்லுநர் என்ற முறையில், மாடியில் ஒரு சன்னல் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதுவும் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டது.

அடுத்த தீர்மானம் செல்லக்கிளி பற்றியது. கடவுச்சொல் அவர் நினைவில் இருப்பதால், விசாரணை முடியும்வரை அவர் நாள்தோறும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மையத்தின் பெஞ்சில் அமர்ந்திருக்க வேண்டும். வரும்போதும் போகும்போதும் கையெழுத்திட வேண்டும். அலுவலக நேரத்திற்குப் பின் வெளியாகும் இரகசியங்களுக்கு மையம் பொறுப்பாகாது. சான்றிதழ் வேண்டுமெனில் இதற்கு உடன்படுவது நல்லது என்று கருத்தக்கண்ணன் அவரிடம் விளக்கினார்.

"ஞாயித்துக்கிழமையுமாண்ணே?"

"லீவு நாள்ல இரகசியம் இல்லம்மா."

சட்டச் சிக்கல் ஒன்று எஞ்சியிருந்தது. கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கிரிதரன் ஒப்படைப்புப் பட்டியலைத் திறந்து, அறுபத்து மூன்றாம் வரிசையில் எழுதினார்: 'கடவுச்சொல், ஒன்று. இருக்குமிடம்: செல்லக்கிளி, தரைத்தளப் பெஞ்ச். நிலை: நன்று.' அவ்வளவில் அது முறைப்படி அலுவலகச் சொத்தாயிற்று. எனினும் அதைப் பயன்படுத்தச் சென்னையின் ஒப்புதல் தேவைப்பட்டது.

செல்லக்கிளி சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் பெஞ்சில் அமர்ந்திருந்தார். விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, புகைப்படம் ஒட்டி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அவ்வுறையில் ஒரு தாளுக்கு மட்டும் இடம் காலியாயிருந்தது. கால் மணிக்கு ஒருமுறை மாடியிலிருந்து கருத்தக்கண்ணனின் குரல் கேட்கும்: "இணைப்பு இல்லை." மற்றொருவர் வழிமொழிவார்.

"என்னக்கா, சாப்ட்டீங்களா?" என்று திங்கட்கிழமை மதியம் ஹம்சவேணி அருகில் வந்து அமர்ந்தார்.

"சாப்ட்டேன் தாயி. ஏன்டா பாஸ்வேர்டக் கேட்டு வாங்குனோம்னு இருக்கு. தெரியாம இருந்திருந்தா வேற எங்கயாச்சும் அலஞ்சிருப்பேன். இப்பத் தெரிஞ்சதுக்கு உக்காத்தி வச்சுட்டாக."

"நாளைக்குத்தான கடைசி?"

"நாளைக்கு அஞ்சு மணி. தல்லாகுளம் ஆபீசுல விண்ணப்பத்தக் குடுக்கணும். இங்கன இருந்து முக்கா மணி நேரம் வேணும்ல?"

ஹம்சவேணி மாடிப் படியை நோக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் முப்பது, செவ்வாய். மாலை மூன்றரை மணிக்குக் கிரிதரன் தரைத்தளத்தில் பொதுமக்களுக்கு இணைப்பு விழிப்புணர்வு உரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஹம்சவேணி மாடிக்குச் சென்றார். நகவெட்டியால் அரக்கைப் பெயர்த்தார். துணியை அவிழ்த்தார். பீரோவைத் திறந்து தொலைபேசி நிறுவனத்தின் தாளை எடுத்தார். கணினிகளை நிறுவியவர் ஆதலால் நிர்வாகிக்குரிய கடவுச்சொல் அவரிடமே இருந்தது. அதனை யாரும் அவரிடம் கேட்டதில்லை. 'எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்கும்' என்ற கட்டத்தில் ஒரு குறி இட்டார். பேரையும் எண்ணையும் தட்டினார்.

அதற்கு இரண்டு நிமிடம் என்று அவர் கூறியிருந்தார். ஒன்றரை நிமிடமே ஆயிற்று.

சான்றிதழ் அச்சாகி வந்தது. அதைக் கையில் ஏந்தியவாறு அவர் படியிறங்கி, கூட்டத்தின் நடுவே கிரிதரனிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க சார். மணி மூணே முக்கால். அக்கா இப்பக் கெளம்புனாக் குடுத்துரலாம்."

செல்லக்கிளி எழுந்து நின்றார். பிளாஸ்டிக் உறையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

கிரிதரன் தாளின் இரு பக்கத்தையும் பார்த்தார். "இணைப்பு வந்ததா?"

"வந்துருச்சு சார்."

"பதிவேட்டில் எழுதியாயிற்றா?"

கருத்தக்கண்ணன் பதிவேட்டைப் பார்த்தார். மூன்றரை மணிச் சோதனையில் 'இணைப்பு இல்லை' என்று இருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. அவர் ஓடிப்போய்ச் சோதித்து, மூன்று ஐம்பதுக்கு 'இணைப்பு உண்டு' என்று எழுதி வந்தார்.

"அப்படியானால் இந்தத் தாள் இணைப்பு இல்லாதபோது அச்சானது," என்றார் கிரிதரன். "இல்லாத இணைப்பிலிருந்து வந்த சான்றில் நான் எப்படிக் கையெழுத்திடுவேன்? மேலும் முத்திரை உடைக்கப்பட்டிருக்கிறது. இது சான்றிதழ் அல்ல, சாட்சியம்."

அவர் தாளை ஒரு கோப்பில் வைத்துக் கட்டினார். கோப்பின்மேல் ஹம்சவேணியின் பெயர் எழுதப்பட்டது.

"சரி சார், அத வச்சுக்கங்க," என்றார் ஹம்சவேணி. "இப்பக் கனெக்சன் இருக்குல்ல. எழுதியும் ஆச்சு. இன்னொன்னு பிரிண்ட் எடுப்போம்."

கிரிதரன் எண்ணிப் பார்த்தார். இணைப்பைத் துண்டித்தால் சாட்சியம் அழியும். எனவே அது அப்படியே இருக்க வேண்டும். இருக்கின்ற இணைப்பைப் பயன்படுத்தலாகாது என்று கையேட்டில் இல்லை. "எடுக்கலாம்," என்றார். கீழே காத்திருந்தவர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்றனர். ஒருவர் பின் ஒருவராகப் பதினேழு பேருக்குச் சான்றிதழ் அச்சாயிற்று. கிரிதரன் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, வாழ்த்துக் கூறிக் கொடுத்தார். செல்லக்கிளியை முதலில் விடும்படி ஹம்சவேணி கேட்டார். பெஞ்சில் இருந்தவர் வரிசையில் இருந்தவர் ஆகமாட்டார் என்று கூறப்பட்டது.

நான்கு இருபதுக்குச் செல்லக்கிளியின் முறை வந்தது. கருத்தக்கண்ணன் அவருடைய எண்ணைத் தட்டினார். மீண்டும் தட்டினார்.

"ஏற்கெனவே வழங்கப்பட்டதுன்னு வருதும்மா."

"எனக்கு யாரும் தரலயேண்ணே."

"ஒரு தடவைதான் பிரிண்ட்டு வரும். ரெண்டாவது வேணும்னா மொதச் சான்று தொலஞ்சுபோச்சுன்னு போலீஸ் ஸ்டேசன்ல எழுதி வாங்கியாரணும்."

"தொலையலயே. அந்தா, சார் மேசையில இருக்கு."

கருத்தக்கண்ணன் தலைவரை நோக்கினார்.

"தொலையாத சான்றுக்கு நகல் தர விதி இல்லை," என்றார் கிரிதரன். அவர் குரலில் கடுமை இல்லை. விதியைக் கூறும்போது அவர் எப்போதும் மென்மையாகவே பேசுவார். "நீ பொய் சொல்லக் கூடாது, அம்மா. நானும் உன்னைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்."

"நான் ஒருக்காப் பாத்துக்கிறவா சாமி?"

அதற்குத் தடை இல்லை. கிரிதரன் கோப்பின் கட்டை அவிழ்த்து, தாளை அவர் கையில் கொடாமல், மேசைமேலேயே திருப்பி வைத்தார். செல்லக்கிளி குனிந்து எழுத்துக் கூட்டாமல் நேராகப் படித்தார். படித்து முடிக்கும்வரை கிரிதரன் பொறுத்திருந்தார். பிறகு கோப்பு கட்டப்பட்டது.

அன்று சென்னைக்கு அனுப்பப்பட்ட அறிக்கையில், குழுவின் இடையறாத உழைப்பால் இணைப்பு மேலாண்மை மேம்படுத்தப்பட்டது என்றும், நிலுவையிலுள்ள சான்றிதழ் எதுவும் இல்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. முத்திரையை உடைத்த ஒப்பந்தப் பணியாளர் நீக்கப்பட்டார் என்பது மூன்றாம் பத்தியில் இருந்தது.

ஐந்து மணிக்குச் செல்லக்கிளி போகும் கையெழுத்தை இட்டார். ஹம்சவேணி தம் அடையாள அட்டையைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தார். இருவரும் தெப்பக்குளத்தின் கரையோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தனர். குளத்தில் தண்ணீர் இல்லை; பையன்கள் மட்டைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தனர்.

"அக்கா, பாத்தீங்கள்ல. பேரு, அப்பா பேரு எல்லாம் சரியா இருந்துச்சா?"

"எல்லாம் சரியாத்தேன் இருந்துச்சு," என்றார் செல்லக்கிளி. "ஒரு எழுத்துக் கூடத் தப்பு இல்ல தாயி."